துணி டயப்பர் கட்டப் போகிறீர்களா?

பாட்டியின் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, முக்கோணமாக மடித்துக் கட்டி வளர்ந்த பிள்ளைகள்தானே நாம்! பலமுறை துவைத்த துணி என்பதால் அது ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சியது. புதுப் பருத்தியில் இயற்கையான மெழுகுப்பசை இருக்கும். ஆகவே கடையில் வாங்கிய துணி டயப்பரை நாலைந்து முறை துவைத்து, வெயிலில் உலர்த்திய பிறகே குழந்தைக்குக் கட்டுங்கள். வாசனைக்காக ஊற்றும் துணி மென்மையாக்கி வேண்டவே வேண்டாம். இழையில் படிந்து உறிஞ்சவிடாது.

பிறந்த குழந்தைக்கு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாற்ற வேண்டிவரும். 24 துணி இருந்தால் மழைநாளிலும் தவிப்பில்லை. எனக்குப் பிடித்தது சதுரத் துணிதான், சீக்கிரம் காயும். தொடையில் தடம் பதிந்தால் கொஞ்சம் தளர்த்துங்கள். இரவுக்கு மட்டும் நடுவில் இன்னொரு மடிப்பு வையுங்கள்.