எண்ணெய் விளையும் நாட்டில் பெட்ரோல் வரிசை



2023ஆம் ஆண்டு மே 29. நைஜீரியாவின் புதிய அதிபராகப் பதவியேற்ற போலா டினுபு, தலைநகர் அபுஜாவில் ஆற்றிய முதல் உரையிலேயே பெட்ரோல் மானியம் இனி இல்லை என்று அறிவித்தார். மிச்சமாகும் பணம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் வேலைவாய்ப்புக்கும் போகும் என்றார். எப்படிப் போகும், எப்போது போகும், யார் கைக்குப் போகும் என்ற விவரம் அதில் இல்லை.

பல பங்க்குகள் உடனே விற்பனையை நிறுத்திவிட்டன. திறந்திருந்த பங்க்குகளில் வண்டிகளும் பிளாஸ்டிக் கேன்களும் வரிசை கட்டின. இரண்டு நாளில் அரசு எண்ணெய் நிறுவனம் புதிய விலையை வெளியிட்டது. லிட்டர் சுமார் 190 நைராவுக்கு (நைரா அந்நாட்டு நாணயம்) விற்ற பெட்ரோல் லாகோஸ் நகரில் 488 ஆனது, அபுஜாவில் 537. ஜூலையில் 617. அடுத்த ஆண்டு அக்டோபரில் 1,000 நைராவைத் தொட்டது. ஒன்றரை ஆண்டுக்குள் ஐந்து மடங்கு விலையேற்றம்.

இத்தனைக்கும் நைஜீரியா எண்ணெய்க்குப் பஞ்சமான நாடு இல்லை. 1956இல் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில், ஒலோய்பிரி என்ற சிற்றூரில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 1958இல் ஏற்றுமதி தொடங்கியது. 1971இல் அந்த நாடு எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கில் சேர்ந்தது. ஆப்பிரிக்காவில் அதிகமாக எண்ணெய் எடுக்கும் நாடுகளின் வரிசையில் முதலிடத்திலோ அதற்கு அருகிலோ எப்போதும் இருந்து வருவது நைஜீரியாதான்.

ஆனால் தோண்டி எடுத்த எண்ணெயை அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது, சுத்திகரிக்க வேண்டும். போர்ட் ஹார்கோர்ட், வாரி, கதுனா ஆகிய மூன்று ஊர்களில் அரசு சுத்திகரிப்பு ஆலைகள் நான்கு இருந்தன. எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 4,45,000 பீப்பாய் சுத்திகரிக்கும் திறன் கொண்டவை. பராமரிப்பு இல்லாமல், பழுதுபார்க்க ஒதுக்கிய பணம் பழுதுபார்ப்புக்குப் போய்ச் சேராமல், அவை ஒவ்வொன்றாக முடங்கின. விளைந்த நெல்லை மூட்டையோடு வெளியூருக்கு விற்றுவிட்டு, அரிசியைக் கூடுதல் விலையும் வண்டி வாடகையும் கொடுத்து வாங்குகிற ஊரின் கதைதான். கச்சா எண்ணெய் கப்பலில் வெளியே போகும். ஐரோப்பியத் துறைமுகங்களிலிருந்து பெட்ரோல் கப்பலில் உள்ளே வரும். 2022 தொடக்கத்தில் அப்படி வந்த சரக்கில் அளவுக்கு மீறி மெத்தனால் கலந்திருந்தது தெரியவந்து, அதை விற்பனையிலிருந்து விலக்கவேண்டி வந்தது. நாடு முழுவதும் பல வாரம் தட்டுப்பாடு.

இந்த இறக்குமதி பெட்ரோலுக்குத்தான் மானியம். கணக்கு எளிமையானது. பங்க்கில் விற்கவேண்டிய விலையை அரசு நிர்ணயிக்கும். கப்பலில் வந்து இறங்கும்போது ஆகும் அடக்கவிலை அதைவிட அதிகமாக இருந்தால், வித்தியாசத்தை அரசு கட்டும். உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறினால் எண்ணெய் விற்கும் நாட்டுக்குக் கொண்டாட்டமாக இருக்க வேண்டும். நைஜீரியாவுக்கோ விலை ஏற ஏற மானியச் செலவும் ஏறியது. உக்ரைன் போரால் விலை எகிறிய 2022இல் மட்டும் மானியத்துக்கு ஏறக்குறைய 4 லட்சத்து 39 ஆயிரம் கோடி நைரா போனது. எண்ணெய் வருமானத்திலிருந்து பொதுக் கணக்குக்கு வரவேண்டிய பணம் மாதக்கணக்கில் வராமலே நின்றது.

ஆகவே மானியத்தை நிறுத்தியாக வேண்டும் என்று பொருளாதார அறிஞர்கள் சொன்னதில் தவறில்லை. என் கருத்தும் அதுதான். ஆனால் அவர்கள் வழக்கமாகச் சொல்கிற ஒரு காரணத்தை மட்டும் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெட்ரோல் மானியம் கார் வைத்திருக்கும் பணக்காரர்களுக்குத்தான் போகிறது, ஏழைக்குப் போவதில்லை என்பார்கள்.

லாகோஸில் மாலை இருட்டியதும் ஒரு சாதாரணத் தெருவில் நடந்தால் முதலில் காதில் விழுவது ஜெனரேட்டர் சத்தம். இருபது கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டில் மின்கட்டமைப்பு தருவது பெரும்பாலும் நாலாயிரம், ஐந்தாயிரம் மெகாவாட்தான். அதனால் கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர். ஒரு கையால் தூக்கிச் செல்லக்கூடிய சின்ன ரகம் ஒன்று உண்டு. கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும், ஒரு கிலோவாட்கூடத் தராது. அதற்கு மக்கள் வைத்த பெயர், ‘பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல்’. அந்தக் குட்டி இயந்திரத்தை நம்பித்தான் முடிதிருத்துபவரின் மின்கத்தரி ஓடுகிறது, தையல்காரரின் விளக்கு எரிகிறது, மீன் விற்கிற அம்மாவின் குளிர்பெட்டியில் சரக்கு கெடாமல் இருக்கிறது, காசு வாங்கிக்கொண்டு செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றித் தருகிறவரின் பிழைப்பு நடக்கிறது. அது குடிப்பது பெட்ரோல். ‘டான்ஃபோ’ என்கிற மஞ்சள் மினிபஸ்ஸும், மோட்டார் சைக்கிள் டாக்சியும், மூன்று சக்கர ‘கெக்கே’யும் குடிப்பதும் பெட்ரோல்தான். கார் வைத்திருப்பவருக்கு மானியத்தில் பெரிய பங்கு போனது உண்மை. ஆனால் ஏழைக்கு அரசிடமிருந்து கையில் வந்துசேர்ந்த ஒரே பங்கும் இந்தப் பெட்ரோல்தான். மின்சாரம் வரவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. விலை மலிவான பெட்ரோல் ஒன்றுதான் நம் நாட்டு எண்ணெயில் எனக்கும் பங்கு உண்டு என்று அவர் நம்புவதற்கு ஆதாரமாக இருந்தது. அதில் கைவைத்தபோதெல்லாம் மக்கள் தெருவுக்கு வந்ததற்குக் காரணம் இதுதான்.

2012 ஜனவரி முதல் நாள், புத்தாண்டு அன்று, அதிபர் குட்லக் ஜோனதன் அரசு மானியத்தை நிறுத்தியது. 65 நைரா பெட்ரோல் ஒரே இரவில் 140 நைராவைத் தாண்டியது. பண்டிகைக்குச் சொந்த ஊர் போயிருந்தவர்கள் திரும்பிவரக் கட்டணம் கொடுக்க முடியாமல் தவித்தார்கள். தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் அறிவித்தன. லாகோஸின் ஒஜோட்டா பகுதியில் கூட்டம் கடலெனத் திரண்டது. இரண்டு வாரத்தில் அரசு இறங்கிவந்து விலையை 97 நைராவாகக் குறைத்தது.

அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகு நாடாளுமன்றக் குழு ஒன்று மானியக் கணக்கைத் தோண்டியது. கிடைத்தவற்றைப் படித்தால் மனம் கொதிக்கும். 2011ஆம் ஆண்டுக்கு மானியமாக ஒதுக்கியது 24,500 கோடி நைரா. கொடுத்ததோ இரண்டரை லட்சம் கோடிக்கு மேல், அதாவது பத்து மடங்கு. 2006இல் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த இறக்குமதி நிறுவனங்கள் ஐந்தாண்டில் நூற்றுக்கு மேல் பெருகியிருந்தன. 99 கோடியே 90 லட்சம் நைரா என்ற ஒரே தொகை, 24 மணி நேரத்துக்குள் 128 முறை பட்டுவாடா ஆகியிருந்தது. நைஜீரியாவுக்குப் பெட்ரோல் கொண்டுவந்ததாகப் பில் போட்ட சில கப்பல்கள், அதே தேதியில் உலகின் வேறொரு மூலையில் இருந்ததைக் கப்பல் பதிவேடுகள் காட்டின. வராத பெட்ரோலுக்கும் மானியம்! இந்த விசாரணையை நடத்திய குழுவின் தலைவரே, ஒரு நிறுவனத்தை முறைகேட்டுப் பட்டியலிலிருந்து நீக்கிவிட லஞ்சம் வாங்கினார் என்று பின்னாளில் தீர்ப்பளித்து, நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பியது.

வந்த பெட்ரோலும் முழுதாக உள்ளூரில் தங்கவில்லை. அண்டை நாடான பெனினில், கோட்டோனூ நகரச் சாலையோரங்களில், மேசைமேல் கண்ணாடிப் பாட்டில்களிலும் பெரிய குடுவைகளிலும் மஞ்சள் நிறத்தில் மின்னும் கடத்தல் பெட்ரோலை வரிசையாக வைத்து விற்பார்கள். நைஜீரியாவில் மானியம் போனதும் அந்த மேசைகளிலும் விலை எகிறியது. நைஜீரியாவுக்குள் நாள் ஒன்றுக்கு 6 கோடியே 60 லட்சம் லிட்டருக்கு மேல் செலவாவதாகச் சொல்லப்பட்ட கணக்கு, ஒரு மாதத்தில் 5 கோடிக்குக் கீழே இறங்கியது. விலையேற்றத்தால் மக்கள் குறைத்துக்கொண்டதும் அதில் அடங்கும். எல்லை தாண்டிப் போனதும், தாளில் மட்டும் ஓடியதும் சேர்ந்தே அடங்கும்.

ஆகவே நிறுத்தியது சரி. நிறுத்திய விதம்தான் ஜனங்களின் வயிற்றில் அடித்தது. 2023 ஜூன் நடுவில், அதாவது பெட்ரோல் விலை ஏறிய இரண்டே வாரத்தில், நாணய மதிப்பையும் சந்தையிடம் விட்டார்கள். டாலருக்கு ஐந்நூறு நைராவுக்குள் இருந்த அரசு மதிப்பு, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஆயிரத்து ஐந்நூறைத் தொட்டது. பெட்ரோல் வாங்குவது டாலரில். நைரா விழுந்தால் அடக்கவிலை தானாக ஏறும். அடிமேல் அடி. விலையை 617இல் ஓராண்டுக்கும் மேலாகப் பிடித்துவைத்திருந்த அரசு நிறுவனம், சப்ளை செய்தவர்களுக்குப் பெரும் பாக்கி வைத்திருப்பதை 2024 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. போய்விட்டது என்று அறிவித்த மானியம் வேறு பெயரில் தொடர்ந்துகொண்டிருந்தது என்றுதானே இதற்கு அர்த்தம்? அதையும் கைவிட்டபோதுதான் விலை ஆயிரத்தை எட்டியது.

சம்பளத்தை வைத்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகப் புரியும். 2023 மே மாதத்தில் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 30,000 நைரா. அதில் ஏறக்குறைய 160 லிட்டர் பெட்ரோல் வாங்கலாம். 2024 ஜூலையில் போராடிப் பெற்ற புதிய ஊதியம் 70,000 நைரா. அக்டோபர் விலையில் அதற்குக் கிடைப்பது 70 லிட்டர். அந்த ஆண்டில் விலைவாசி 34 சதவீத வேகத்தில் ஏறியது. ஏழைகளுக்கு மாதம் 25,000 நைரா வீதம் மூன்று மாதம் தருவதாகச் சொன்ன உதவித்திட்டமும், பணம் எங்கே போகிறது என்ற சர்ச்சையில் சிக்கி 2024 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் இளைஞர்கள் மீண்டும் தெருவுக்கு வந்தார்கள். உயிர்கள் போயின.

வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா? முடியும். ஈரான் 2010 டிசம்பரில் பெட்ரோல் விலையைப் பல மடங்கு ஏற்றியது. அதற்கு முன்பே, தலைக்கு மாதம் இவ்வளவு என்ற கணக்கில் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் பணம் போட்டுவிட்டார்கள். பணம் கணக்கில் இருப்பது தெரியும், ஆனால் எடுக்க முடியாது. விலை ஏறிய அன்று எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அப்போது பெரிய கலவரம் எதுவும் வெடிக்கவில்லை. பிற்பாடு பணவீக்கம் அந்தத் தொகையைத் தின்றுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே ஈரான் 2019 நவம்பரில் முன்னறிவிப்பில்லாமல் நள்ளிரவில் விலையை ஏற்றியபோது நாடே கொந்தளித்தது, ரத்தம் சிந்தியது. கைக்குப் பணம் வந்த பிறகு விலையை ஏற்றுவதற்கும், விலையை ஏற்றிவிட்டுப் பணம் வரும் என்று வாக்குத் தருவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒரு நாடே இரண்டு முறை காட்டியிருக்கிறது. ஏமாந்து பழகிய மக்களிடம் வாக்குறுதி செல்லாது.

இப்போது நைஜீரியாவில் ஒரு நல்ல மாற்றமும் உண்டு. லாகோஸுக்குப் பக்கத்தில் லெக்கியில், தொழிலதிபர் அலிக்கோ டாங்கோட்டே கட்டிய ஆலை 2024 செப்டம்பரில் பெட்ரோல் தரத் தொடங்கியது. திறன் நாளொன்றுக்கு ஆறரை லட்சம் பீப்பாய். அரசு ஆலைகள் நான்கும் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. இறக்குமதி குறையும், கப்பல் கூலி மிச்சமாகும். ஆனால் கச்சா எண்ணெய்க்கு உலக விலைதான் அளவுகோல் என்பதால், உள்ளூரில் சுத்திகரித்தாலே பெட்ரோல் மலிவாகிவிடும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. ஒரே பெரிய ஆலையை நாடு நம்பியிருப்பதும் எனக்குக் கவலை தருகிறது.

மிச்சமான பணம் எங்கே என்று கேட்பீர்கள். மானியம் போனபின் மாதாமாதம் பங்கிடப்படும் பொது வருமானம் வெகுவாகக் கூடியிருக்கிறது. மத்திய அரசு, 36 மாநிலங்கள், 774 உள்ளாட்சிகள் என்று அது பிரிகிறது. உள்ளாட்சிகளின் பங்கை மாநில ஆளுநர்கள் தங்கள் கையில் வைத்துக்கொள்வது நெடுநாள் புகார். அந்தப் பணம் நேரடியாக உள்ளாட்சிகளுக்கே போக வேண்டும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘பட்ஜிட்’ என்ற தன்னார்வ அமைப்பின் ஆட்கள் வரவுசெலவுத் திட்டப் பட்டியலோடு ஊர் ஊராகப் போகிறார்கள். இந்த ஊரில் ஆரம்பச் சுகாதார நிலையம் கட்டப் பணம் ஒதுக்கியதாகப் பட்டியலில் இருக்கிறதே, கட்டடம் எங்கே என்று ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்கிறார்கள். பதில் கிடைத்த ஊர்களில் வேலை தொடங்கியிருக்கிறது. கிடைக்காத ஊர்களுக்கு அவர்கள் மறுபடியும் போகிறார்கள்.