ஆப்பிரிக்கச் சிறுத்தை ஆர்க்கிட்: விதையிலிருந்து வளர்க்கும் முறை



நெல் விதையை எடுத்துக்கொள்ளுங்கள். முளைக்கும் குருத்துக்கு வேண்டிய உணவை அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆர்க்கிட் விதையில் அப்படி எதுவும் இல்லை. கண்ணுக்குத் தூசிபோலத் தெரியும் அந்த விதைக்குள் மிகச் சிறிய கரு மட்டுமே உண்டு. ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் விதைகள் இருந்தும் காட்டில் மிகச் சிலவே செடியாவது இதனால்தான்.

நான் இன்று சொல்ல வந்தது அன்செல்லியா ஆப்பிரிக்கானா என்னும் தொற்றுச் செடியைப் பற்றி. கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதி வரை, வெப்பம் மிகுந்த தாழ்நிலக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளர்கிறது. மஞ்சள் பூவில் பழுப்புப் புள்ளிகள் இருப்பதால் சிறுத்தை ஆர்க்கிட் என்பார்கள். 1841-ல் பெர்னாண்டோ போ தீவில் இதைச் சேகரித்த ஜான் அன்செல் என்பவரின் பெயரையே லிண்ட்லி இதற்கு வைத்தார். தொற்றுச் செடி என்பதால் ஒட்டுண்ணி என்று எண்ண வேண்டாம். மரம் அதற்கு இருக்கை மட்டுமே. மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் வெள்ளை வேர்கள் ஒரு கூடைபோல அமைந்து, உதிரும் சருகுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்தச் செடி இன்று அழியும் அபாயத்தில் இருக்கிறது. விற்பனைக்காகப் பெரிய புதர்களை மரத்திலிருந்து பெயர்த்தெடுக்கிறார்கள். கிளையையோ மரத்தையோ வெட்டுவதும் உண்டு. வேர் அறுந்த புதர் தொட்டியில் பிழைப்பது அரிது. ஆகவே விதைவழிச் செடியே நேர்மையான வழி என்பது என் உறுதியான கருத்து.

விதைக்கு உணவு எங்கிருந்து வருகிறது? காட்டில் ஒரு பூஞ்சாணம் அதனுள் புகுந்து உணவு தருகிறது என்று பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார்ட் 1899-ல் கண்டார். பூஞ்சாணம் இல்லாமலேயே சர்க்கரை கலந்த அகாரில் முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் 1922-ல் காட்டினார். இன்றும் அதே வழிதான்.

முதலில் இரண்டு வெவ்வேறு செடிகளின் பூக்களுக்குள் மகரந்தத் திரளைக் கையால் மாற்றி வையுங்கள். காய் முற்ற மாதக்கணக்கில் ஆகும். வெடிக்கும் முன்பே பறிப்பது நல்லது. வெடிக்காத காயின் உட்புறம் சுத்தமாக இருப்பதால், வெளிப்புறத்தை மட்டும் துடைத்துச் சாராயத்தில் நனைத்துச் சுடர் காட்டினால் போதும். வெடித்துவிட்டால், ஒரு பங்கு திரவ பிளீச்சுடன் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, ஒரு சொட்டு சோப்பும் சேர்த்து, விதைகளைப் பத்து நிமிடம் ஊறவைத்து, கொதிக்க வைத்து ஆற்றிய நீரில் கழுவ வேண்டும்.

வளர்தளத்தை ஒரு லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை, 8 கிராம் அகார், உப்புச் சத்துக்கள் என்ற அளவில் தயாரித்து, கார அமில நிலையை 5.5 அளவில் வைத்து, பிரஷர் குக்கரில் 15 ராத்தல் அழுத்தத்தில் இருபது நிமிடம் வேகவையுங்கள். விதை தூவும் இடத்தில் காற்று அசையக் கூடாது. பலர் தோற்பது இங்கேதான்! ஒரு பூசண வித்து உள்ளே விழுந்தால் சில நாட்களில் அகார் முழுவதும் அதன் வசமாகிவிடும். ஆகையால் ஒரே பெரிய பாட்டிலை நம்பாமல் பல சிறு பாட்டில்களில் பிரித்துத் தூவுங்கள்.

25 டிகிரி வெப்பத்தில் விதைகள் முதலில் பச்சைக் குண்டுமணிகளாக உப்பும். இவற்றைப் புரோட்டோகார்ம் என்கிறோம். பின்பே இலையும் வேரும் வரும். நெருக்கமானால் புதிய பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

நாற்று மூன்று, நான்கு செ.மீ. ஆனதும் வெளியே எடுக்கலாம். அகாரை வெதுவெதுப்பான நீரில் முழுவதும் கழுவிவிடுங்கள். மிச்சமிருந்தால் அந்தச் சர்க்கரையே அழுகலுக்கு இரை. பொடித்த மரப்பட்டையும் கரித்துண்டும் கலந்து நட்டு, நிழலிலும் ஈரக் காற்றிலும் வைத்து, சில வாரங்களில் மெல்ல மெல்லக் காற்றுக்குப் பழக்குங்கள். வளர்ந்த செடிக்கு வறண்ட பருவத்தில் தண்ணீரைக் குறைப்பது வழக்கம். நாற்றுக்கு அது ஆகாது. மடகாஸ்கரின் ஆங்கிரேக்கம் இனங்களுக்கோ நீர் சேமிக்கும் தண்டே இல்லை. அவற்றைக் காயவே விடக்கூடாது.

பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். வருமானத்தை உடனே எதிர்பார்ப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். இறக்குமதி செய்ய விரும்புவோர், பாட்டிலில் முளைத்த நாற்றுகளாகவே கேளுங்கள். அவற்றுக்குப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் விலக்கு உண்டு. இறக்குமதி அனுமதியும் பயிர் நலச் சான்றும் மட்டும் தவறாமல் பெற்றுக்கொள்ளுங்கள்.