கித்துள் தரும் இனிமை

யாழ்ப்பாணத்தார்க்குப் பனை எவ்வாறோ, வத்தேகமப் பகுதி மலைக்கிராமத்தார்க்குக் கித்துள் அவ்வாறாகும். மழைக்காட்டு மரமாகிய இதற்கு 1753ஆம் ஆண்டிலே லின்னேயசு என்னும் அறிஞர் சூட்டிய பெயர் கரியோட்டா யூரென்ஸ். 'யூரென்ஸ்' என்றால் எரிப்பது என்பது பொருள். பழத்தின் சாறு பட்டால் தோல் எரியும். பாளையைச் சீவினாலோ தித்திக்கும் பதநீர் சுரக்கும். அதனைக் காய்ச்சினால் பாணி. மேலும் இறுக்கினால் கருப்பட்டி.

இம்மரம் உச்சி தொடங்கிக் கீழ்நோக்கிப் பாளை ஈன்று, கடைசிப் பாளையோடு பட்டுப்போகும். ஆகவே, இடையறாது புதுக்கன்று வளர்தல் வேண்டும். சீனிப்பாகு கலந்த போலிப் பாணி சந்தையில் மலிந்தால், உயிரைப் பணயம் வைத்து மரமேறுபவர்க்கு உரிய விலை கிட்டாது. அவர் மைந்தரும் அத்தொழிலை நாடார். கன்றைப் பேணுவாரும் இரார். கலப்பற்ற பாணியை உரிய விலை கொடுத்து வாங்குவோமாக. மரமும் தழைக்கும், தொழிலாளரும் வாழ்வர்.