மருந்துச் சீட்டுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி



இனிப்புநீர் என்ற சொல்லைக் கேட்டு நம் வீடுகளில் இப்போது யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. "உங்களுக்கும் இருக்கா?" என்று பசியாறும் மேசையிலேயே விசாரித்துக் கொள்கிறோம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாக இறங்கியது. ஆனால் நோய் உள்ள ஐவரில் இருவருக்கு அது இருப்பதே தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

ஏன் நம்மவர்களுக்கு இவ்வளவு? உடல்வாகு ஒரு காரணம். தெற்காசியர்களுக்கு ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். அதனால்தான் நமக்கு எடையைவிட வயிற்றுச் சுற்றளவு முக்கியம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிட வேண்டும். இவை தனித்தனி நோய்கள் அல்ல, ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

இன்னொரு காரணம் நம் வரலாற்றில் இருக்கிறது. தோட்டப்புறத்தில் விடியுமுன் பிரட்டுக்குப் போய், மேடு பள்ளம் ஏறி இறங்கிப் பால் மரம் வெட்டியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். டின் பாலும் சீனியும் போட்ட தேநீர் அந்த உழைப்பில் கரைந்து போனது. நாம் அடுக்குமாடியிலிருந்து மின்தூக்கியில் இறங்கி, மோட்டாரில் ஏறி, நாற்காலியில் போய் அமர்கிறோம். தேநீரை மட்டும் மாற்றவில்லை.

சரி, மருத்துவரிடம் போகிறோம். என்ன நடக்கிறது? எங்கள் நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைத்த ஓர் அம்மா சொன்னார்: "சோத்தைக் குறைங்கன்னு சொன்னாரு தம்பி. எவ்வளவுன்னு சொல்லல. நானும் கேக்கல." அந்த இரண்டு வரிகளில் நம் நிலைமை முழுவதும் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

குடும்ப மருத்துவம் என்பது அந்த "எவ்வளவு" என்பதை உட்கார்ந்து பேசுவது. எத்தனை மணிக்கு வேலை முடிகிறது? இரவு உணவு எத்தனை மணிக்கு? வீட்டில் சமைப்பவர் யார்? தூக்கம் எப்படி? மருந்துச் சீட்டு எழுதுமுன் இவற்றைக் கேட்பவரே குடும்ப மருத்துவர். இரவு வேலை பார்க்கும் பாதுகாவலரிடம் "காலையில் நடங்கள்" என்றால் அவர் எப்போது தூங்குவார்? பல அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் குடும்ப மருத்துவ நிபுணர்கள் இருக்கிறார்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். காத்திருக்கும் நேரம் நீளம், அதை மறுப்பதற்கில்லை. தனியார் கிளினிக்கானாலும் பரவாயில்லை, ஆண்டுதோறும் ஒரே மருத்துவரிடம் போங்கள். சளிக்கு ஓர் இடம், சர்க்கரைக்கு ஓர் இடம் என்று அலைந்தால் உங்கள் கதை யாருக்கும் முழுதாகத் தெரியாது.

நடையும் சாப்பாடும் மருந்துக்கு ஈடாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். வாழ்க்கை முறை மாற்றம் நோய் வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தது. மெட்ஃபார்மின் மாத்திரை 26.4 விழுக்காடு. பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளிலேயே நடந்து, 2017இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் எடையைக் குறைத்தார்கள். ஓராண்டில் அவர்களில் 46 விழுக்காட்டினர் மருந்தின்றி நீரிழிவு அளவுக்குக் கீழே வந்தனர். இரண்டாம் ஆண்டில் அது 36 விழுக்காடானது. எடை திரும்பினால் நோயும் திரும்பும்.

இதைக் கேட்டுவிட்டு நாளையே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்த ஆய்வில் மருந்தை நிறுத்தியது மருத்துவக் குழு. கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரெனச் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். தைப்பூச விரதத்துக்கும் இது பொருந்தும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பர்கள் மருந்து நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்கிறார்கள். நாமோ விரதம் இருப்பதையே சொல்வதில்லை. திட்டுவார் என்ற பயம்!

அந்த அம்மாவின் "எவ்வளவு"க்குச் சுகாதார அமைச்சின் "சுக்கு சுக்கு செப்பாரோ" பதில் சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும். நம் தட்டில் இன்று நேர்மாறாக இருக்கிறது. உருளைக்கிழங்குப் பிரட்டலைக் காய்கறிக் கணக்கில் சேர்க்க முடியாது, அது சோற்றின் தம்பி. கடையில் தே தாரிக் கேட்கும் இடத்தில் தே ஓ கோசோங் கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் கசக்கும்.

அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், நாட்டு மருந்தையும் சேர்த்துத்தான். வீட்டில் சமைப்பவரையும் அழைத்துப் போங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு எவ்வளவு என்று கேட்டு, நாட்காட்டியில் எழுதி வையுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியையும் அதன் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.