பழைய வானும் நெடுந்தூர ஓட்டமும்
(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

நான் மெக்கானிக் இல்லை. ஊரில் ஏ.எல். எடுத்ததோடு படிப்பை விட்டு, இங்கே தொழிற்சாலையில் வேலை செய்பவன். எண்டாலும் ஒரு எஞ்சினை எரிச்சுப் படிச்ச பாடம் ஒன்று இருக்கிறது.

2018 ஆவணியில் பேர்மிங்ஹாமில் ஒரு கலியாணம். இரண்டு குடும்பம் சேர்ந்து வாங்கிய பழைய டீசல் வான். பெரியாக்கள் ஐந்து பேர், பிள்ளையள் மூன்று பேர், பின்னுக்குப் பலகாரப் பெட்டியள். முகூர்த்தத்துக்குப் பிந்திப்போம் எண்டு எம்1இல் 70 மைலில் மிதிச்சுக்கொண்டே போனேன். மாமிதான் முதலில் கண்டவ. "தம்பி, அந்த முள்ளு ஏன் சிவப்பிலை நிக்குது?"

"இன்னும் கொஞ்சத் தூரந்தான் மாமி" என்றேன். அந்தக் கொஞ்சத் தூரம் வான் போகவில்லை. பாதையோரத்தில் புகையோடு நிண்டுது. லொறி போகிற காத்துக்கே ஆடியது. பிள்ளையளை இடப்பக்கக் கதவால் இறக்கி, வேலிக்கு அப்பால் இருத்தினோம். தாலிகட்டை நாங்கள் காணவில்லை.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன். சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீற்றர் என்றால், 60 மைல் வேகத்தில் அது நிமிடத்துக்கு 800 தரம் சுழலும். ஐந்தாம் கியரில் எஞ்சின் அதைப்போல மூன்றரை மடங்கு சுழல்கிறது என்று வைப்போம்: 2,800 சுற்று. 70 மைலில் 3,300 ஆகும். பழைய டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்கு 4,000 சுற்றோடு சக்தி முடிஞ்சுது. காத்தின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. 60க்கும் 70க்கும் இடையில் 36 வீதம் ஏறும். 120 மைல் பயணத்தில் மிச்சம் 17 நிமிடம். அதுக்காக ஒரு எஞ்சினைக் கொடுத்தேன்.

மோட்டர்வேயில் வானுக்கு 70 வரை சட்டம் விடுகுது. எஞ்சினும் விடுமோ?

மெதுவாகப் போனால் சரி என்றும் நினைக்க வேண்டாம். ஏற்றத்தில் ஐந்தாம் கியரிலேயே அமத்தினால் எஞ்சின் முனகும், நாலுக்கு இறக்குங்கோ. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினவை சத்தத்தைக் கேட்டே கியர் மாத்துவினம். எங்கடை வானில் பாட்டுச் சத்தத்துக்கு ஒண்டும் கேக்காது.

முள் ஏறினால் காலை எடுங்கோ, ஹீற்றரை முழுதாகப் போடுங்கோ, பாதுகாப்பான இடத்தில் நிப்பாட்டுங்கோ. ஆறும்வரை றேடியேற்றர் மூடியைத் திறக்கக் கூடாது, கொதிதண்ணி முகத்தில் அடிக்கும்.

கோடையில் சவுத்தென்ட் சுற்றுலாவுக்கு வான் கொண்டுவாற அண்ணைமாரே, ஏ127 போன்ற இரட்டைப்பாதையில் வானுக்கு 60க்கு மேல் சட்டமும் விடாது. அண்டைக்குக் காலமை ஏழு மணிக்கு நான் மண்டப வாசலில் நிற்பேன். ஒயில் கம்பி பார்க்கத் தெரியாதவை என்னட்டைக் காட்டலாம், வெக்கப்பட ஒண்டுமில்லை.