பாயிண்ட் கேப்: அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு

(மறுசந்திப்பு விழாவின் முற்பகல் அமர்வில், ஆட்டோமொபைல் லேபில் நடந்த செயல்விளக்கத்துக்கு முன் ஆற்றிய உரை)



பழைய கார் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். பழைய கார் என்றதும் மகாராஜா, ரோல்ஸ் ராய்ஸ், ஊட்டி மலைப்பாதை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். நான் பேசப்போவது டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன இடைவெளியைப் பற்றி. மெக்கானிக் பாஷையில் சொன்னால் சி.பி. பாயிண்ட் கேப்.

கறாராகப் பார்த்தால் 1919 முதல் 1930 வரை வந்த கார்களுக்குத்தான் வின்டேஜ் என்று பெயர். நம் நாட்டில் 2021-இல் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம் 50 வயது தாண்டிய வண்டிகளை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அதோ நிற்கிற நம் லேப் அம்பாசிடர் அந்த வகையில் பாஸ். பி.எம்.சி.யின் 1489 சி.சி. இன்ஜின், லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர். நான் சொல்லும் அளவெல்லாம் இந்த ஜோடிக்குத்தான். வேறு காருக்கு அதனதன் மேனுவலைப் பாருங்கள்.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற இன்ஜினீயர் 1910 வாக்கில் காடிலாக் காருக்காகச் செய்தது. அதற்குப் பிறகு ஐம்பது அறுபது வருஷம் உலகத்தில் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இதில்தான் ஓடின. விஷயம் சிம்பிள். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் பிரைமரி சுற்றில் மின்சாரம் ஏறுகிறது. கேம் வந்து பாயிண்டைத் தள்ளித் திறந்தவுடன் மின்சாரம் சட்டென்று அறுபடுகிறது. அந்த அதிர்ச்சியில் செகண்டரியில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு எழும்பிப் பிளக்கில் பொறி தட்டுகிறது. பாயிண்டிலேயே பொறி விழுந்து வீணாகாமல் பார்த்துக்கொள்வது பக்கத்தில் இருக்கும் கண்டன்சர். பொறி வருவது பாயிண்ட் மூடும்போது இல்லை, திறக்கும்போது. வைவாவில் பாதிப் பேர் இதை மாற்றிச் சொல்வார்கள்.

இந்த லூகாஸுக்கு கேப் 14 முதல் 16 தௌ. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் நடுவில் 15 வைப்போம், 0.38 மில்லிமீட்டர். ஆனால் தம்பிகளா, நாம் உண்மையில் வைப்பது தூரம் இல்லை, நேரம். நாலு சிலிண்டருக்கு நாலு முனை கேம். ஒவ்வொரு பொறிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் 90 டிகிரி சுற்றும். அதில் சுமார் 60 டிகிரி பாயிண்ட் மூடியிருக்கணும், 30 டிகிரி திறந்திருக்கணும். அந்த 60-க்குப் பெயர் ட்வெல். இன்ஜின் 600 ஆர்.பி.எம்.மில் ஐடில் ஓடும்போது வினாடிக்கு 20 பொறி. ஒவ்வொன்றுக்கும் காயில் நிரம்ப 33 மில்லி செகண்ட் கிடைக்கும், தாராளம். அதே இன்ஜின் 4000-இல் ஓடினால் கிடைப்பது 5 மில்லி செகண்ட்தான். கேப் அகலமாக இருந்தால் பாயிண்ட் தாமதமாக மூடி சீக்கிரம் திறக்கும், அந்த ஐந்தும் குறையும். காயில் பாதி வயிற்றோடு பொறி விடும். ஊருக்குள் நன்றாக ஓடுகிற வண்டி நெடுஞ்சாலையில் ஓவர்டேக் எடுக்கும்போது தட்டுவது இதனால்தான்.

கேப் குறைந்தால் வேறு தொல்லை. பாயிண்ட் சரியாகப் பிரியாமல் முகத்தில் பொறி விழும், கரியாகும், காலையில் ஸ்டார்ட் ஆக அழும். கேப் தானாகக் குறையத்தான் செய்யும். கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய பாயிண்ட் நெருங்கி வரும்.

மேனுவலில் இரண்டு தனித்தனி வேலையாகப் போட்டிருப்பதால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கேப் மாறினால் டைமிங்கும் மாறும். ட்வெல் ஒரு டிகிரி கூடினால் டைமிங் கிராங்க் கணக்கில் ஒரு டிகிரி பின்தங்கும். கேப் அகலமானால் டைமிங் முன்னே போகும், குறுகினால் பின்னே போகும். அதனால் முதலில் கேப், பிறகுதான் டைமிங். வரிசையை மாற்றினால் இரண்டாவது வேலை முதல் வேலையைக் கெடுத்துவிடும்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். என் நண்பர் ஒருவரிடம் அவர் அப்பா ஓட்டிய அம்பாசிடர் இருக்கிறது. வண்டி இழுக்கவில்லை, ரேடியேட்டர் கொதிக்கிறது, பெட்ரோல் குடிக்கிறது. பிளக் மாற்றினார், காயில் மாற்றினார், கார்புரேட்டர் கழற்றிக் கழுவினார்கள். கடைசியில் ஹெட்டை இறக்கணும், பிஸ்டன் ரிங் போயிருக்கும் என்று ஒரு பெரிய தொகை சொல்லிவிட்டார்கள். அவரும் மனசு விட்டு, வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று தரகரிடம் சொல்லியும் விட்டார். அந்த வாரக் கடைசியில் நான் போய் மூடியைத் திறந்து ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தேன். 6 தௌ தகடே இறுக்கமாகப் போகிறது! குதிகால் தேய்ந்து கேப் செத்துப்போய், அதோடு சேர்ந்து டைமிங்கும் பல டிகிரி பின்தங்கியிருந்தது. அதுதான் கொதிப்பு, அதுதான் பெட்ரோல் செலவு. புது பாயிண்ட் போட்டு, கேப் வைத்து, டைமிங் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம். கார் இன்னும் அவர் வீட்டில்தான் நிற்கிறது. அவருடைய அம்மா கோயிலுக்குப் போவது அதில்தான்.

சரி, வேலைக்கு வருவோம். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சாவி ஆஃப். சாவியைப் போட்டபடி பாயிண்ட் மூடி நின்றால் காயில் சும்மா சூடாகிக்கொண்டே இருக்கும். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இன்ஜின் கையோடு சுற்றும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்து ரோட்டாரை உருவுங்கள். இன்ஜினை மெல்லச் சுற்றி, ஃபைபர் குதிகால் கேமின் உச்சி முனையில் சரியாக உட்காரும்படி நிறுத்துங்கள். இதில் அவசரப்படக் கூடாது. உச்சிக்கு ஒரு நூல் தள்ளி நின்றாலும் அளவு பொய்.

அளப்பதற்கு முன் பாயிண்ட் முகத்தைப் பாருங்கள். ஓடிய பாயிண்டில் ஒரு பக்கம் குழியும் எதிர்ப்பக்கம் முளையும் விழுந்திருக்கும். தட்டையான ஃபீலர் தகடு முளையின் தலையில்தான் தட்டும், குழிக்குள் போகாது. தகடு 15 என்று சொல்லும், உண்மை இடைவெளி 20 ஆக இருக்கும். ஆகவே முளையை அரத்தால் நீவிவிட்டு அளக்கணும், இல்லையென்றால் புதுசு போடணும். வழியில் நின்றால் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்க்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. வீடு வந்து சேர அது போதும், நிரந்தர வைத்தியம் இல்லை. உப்புத்தாளின் தூள் பாயிண்டில் தங்கினால் அதுவே எரிந்து கரியாகும்.

லாக் ஸ்க்ரூவை லேசாக, தட்டு நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். பக்கத்துப் பிளவில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருப்பினால் பாயிண்ட் மயிரிழை மயிரிழையாக நகரும். 15 தௌ தகடு வெண்ணெயில் கத்தி போல வழுக்கவும் கூடாது, குதிகாலைத் தள்ளவும் கூடாது. மெல்லிய பிடிப்புத் தெரியணும். அந்தப் பிடிப்பை வார்த்தையில் சொல்ல முடியாது, கொஞ்ச நேரத்தில் உங்கள் விரல் பழகிக்கொள்ளும். ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு மறுபடி அளக்கணும், ஏனென்றால் இறுக்கும்போது ஒன்றிரண்டு தௌ ஓடிவிடும். கடைசியில் பெட்ரோலில் நனைத்த சுத்தமான தாளைப் பாயிண்ட் நடுவில் விட்டு இழுங்கள். ஃபீலர் தகட்டில் இருந்த எண்ணெய் அங்கே தங்கினால் போச்சு. கேமுக்கு ஒரு பொட்டு கிரீஸ், ரோட்டாருக்குக் கீழே ஸ்பிண்டில் தலையில் ஒரு சொட்டு எண்ணெய். அதற்கு மேல் வேண்டாம்.

அதோடு நிற்காமல் மற்ற மூன்று முனைக்கும் சுற்றி அளந்து பாருங்கள். ஒன்றில் 15, இன்னொன்றில் 11 என்று வந்தால் குற்றம் பாயிண்டில் இல்லை, ஸ்பிண்டில் புஷ் தேய்ந்திருக்கிறது. எத்தனை முறை கேப் வைத்தாலும் அது சரியாகாது.

அப்புறம் டைமிங். டிஸ்ட்ரிபியூட்டரின் லோ டென்ஷன் முனைக்கும் பாடிக்கும் நடுவில் 12 வோல்ட் பல்ப் ஒன்று, சாவி ஆன். பாயிண்ட் திறக்கிற கணத்தில் பல்ப் எரியும். புல்லி குறி மேனுவல் சொல்லும் இடத்துக்கு வரும்போது அது எரியணும்.

ஃபீலர் கேஜ் இல்லாத நடுராத்திரியில் என்ன செய்வது என்று லாரி ஓட்டிய பெரியவர்களைக் கேட்டால் ஷேவிங் பிளேடு என்பார்கள். இரண்டு பக்கமும் கூரான சாதாரண பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர். நாலு பிளேடு சேர்த்தால் 16 தௌ. கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது, விரல் ஜாக்கிரதை.

"அண்ணா, எலக்ட்ரானிக் கிட் போட்டுட்டா இந்தத் தொல்லையே இல்லையே?" என்று காலையில் ஒரு தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. தினம் ஓட்டுகிற காராக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். இப்போது கடையில் வருகிற சில பாயிண்டுகளின் குதிகால் அவ்வளவு மட்டம், சில நூறு கிலோமீட்டரிலேயே கேப் விழுந்துவிடுகிறது. ஆனால் கிட் செத்தால் ரோட்டோரத்தில் செய்ய ஒன்றும் இல்லை. கழற்றிய பாயிண்ட் செட்டையும் கண்டன்சரையும் டிக்கியில் வைத்திருங்கள். இந்த லேப் வண்டிக்குக் கிட் வேண்டாம் என்பது என் கட்சி. உங்கள் புதுக் காரில் காயிலை எத்தனை மில்லி செகண்ட் நிரப்பலாம் என்று இ.சி.யு. பேட்டரி வோல்ட்டையும் வேகத்தையும் பார்த்துத் தீர்மானிக்கிறது. அதே ட்வெல்தான். அதைக் கண்ணால் பார்க்கவும் விரலால் தொடவும் இந்த ஒரு வண்டிதான் இங்கே இருக்கிறது.

இப்போது எல்லோரும் வண்டிப் பக்கம் வரலாம். ஹேண்டில் அடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேப் அகலமாகி டைமிங் முன்னே போயிருந்தால் ஹேண்டில் திருப்பி உதைக்கும், மணிக்கட்டு முறியும். அதனால் பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்வதற்கு முன் பல்ப் வைத்துப் பார்த்தே ஆகணும். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் போடாமல் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாக வையுங்கள். கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து அழுத்தாதீர்கள். முதலில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வரட்டும்.