தணிக்கும் சுற்றில் ஏன் அலைவு?

பத்து வோல்ற்றுச் சைகையை ஒரு வோல்ற்றாகத் தணிக்கும் சுற்றொன்று தானாகவே அலைவுறுகின்றது என்றால் நேயர்கள் வியப்படையலாம். பெருக்காத இடத்தில் ஊளை எங்ஙனம் எழும்?

1927 இல் ஹட்சன் ஆற்றைப் படகிற் கடக்கையில் ஹரல்ட் பிளாக் கண்ட எதிர்ப் பின்னூட்டலே செயற்பாட்டு விரியலாக்கியை ஆள்வது. குறிமாற்றும் சுற்றிலே 10 கிலோஓம் பெய்ப்புத் தடையும் 1 கிலோஓம் பின்னூட்டல் தடையும் அமைந்தால் சைகை பத்திலொன்றாகும். ஆனால் உறுதியைத் தீர்மானிப்பது அந்த நயம் அன்று; 1.1 ஆகிய இரைச்சல் நயமே. அதாவது, பயப்பு ஏறக்குறைய முழுவதும் பெய்ப்புக்குத் திரும்புகின்றது. உயர் மீடிறனில் அது பிந்தியே வருகின்றது. தடத்தின் நயம் ஒன்றுக்குக் குறையுமுன் அப்பிந்தல் அரைச் சுற்றை எட்டிவிட்டால், எதிர்த்து நின்ற பின்னூட்டல் துணைநின்று அலைவை வளர்க்கும்.

741 தன்னுள்ளே 30 பிக்கோபரட் கொள்ளளவி உடையதாதலின் இதனைத் தாங்கும். வேகத்தை நாடி ஓபி-37 ஐ இடுவோரே இடருறுவர்; ஐந்துக்குக் குறைந்த நயத்தில் அது நிலைகொள்ளாது. இரு பெய்ப்புகளுக்குமிடையே 220 ஓம் தடையொன்றை இணைத்தால் இரைச்சல் நயம் ஏறத்தாழ 5.6 ஆகும்; சைகையின் நயம் மாறாது. ஆயினும் விரியலாக்கியின் சொந்த இரைச்சலும் அத்தனை மடங்காகும். நுண்ணிய அளவீட்டுக்கு அது பொருந்தாது. அங்கே ஒருமை நயத்திலும் உறுதியாய் நிற்கும் ஓபி-27 ஐக் கொள்வதே மேல்.